சவுக்குத் தோப்பும் சமுத்திரக் கரையும்



பள்ளி விடுமுறைகள் நெருங்கும் காலங்களில் இப்பகுதிக்கு ஏறக்குறைய ஒரே விதமான கடிதங்கள் வந்து சேருகின்றன. தாராவி தொண்ணூறடி சாலையருகே வசிக்கும் ஒரு தாயார் இம்முறை எழுதியிருக்கிறார்கள். ஓர் அறையும் ஒரு மச்சும் கொண்ட வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கிறார்களாம். இவ்வருடம் ஊருக்குப் பிரயாணப்பட வழியில்லை. பிள்ளைகளை ஒரு நாளாகிலும் விசாலமான இடத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார்கள். ஜூஹூவுக்குப் போனால் கூட்டமும் செலவும் மிஞ்சுகின்றன; வேறு சில இடங்களிலோ குடித்து வெறித்தவர்களின் கூச்சல். குடும்பமாய் அமைதியாக உட்கார்ந்து எழும்ப மும்பைக்குச் சமீபத்தில் ஓர் இடம் உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்டு. மேற்கு ரயில் பாதையில் விராரைத் தாண்டிச் சென்றால் வைதரணா, சஃபாளே, அதற்கடுத்து கேளவே ரோடு என்று ஒரு சிறு நிலையம் வரும். நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கேளவே கிராமத்திற்குப் போகலாம். நம் மக்கள் அதைக் கெல்வா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அங்கே பல கிலோமீட்டர் நீளத்திற்குத் தட்டையான மணல் கடற்கரை விரிந்து கிடக்கிறது. அதையொட்டியே, கரைக்கும் கிராமத்திற்கும் இடையில், நெடுக நிற்கிறது ஒரு மரத்தோப்பு. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைப் பைன் மரக் காடு என்று எண்ணிவிடுவார்கள். கொடைக்கானலில் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் நிச்சயமாய் அப்படித்தான் சொல்வார்கள். நம்மில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கோ முதற்பார்வையிலேயே விளங்கிவிடும்: அது நம் சவுக்கு. மராத்தியில் அதற்குச் சுரு என்று பெயர். "சுருச்சே பன் எங்கே?" என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள்.

சவுக்கும் பைனும் ஒரே இனமல்ல. பைன் பூவாத மரம். சவுக்கோ பூத்துக் காய்ப்பது, சிறிய கூம்பு போன்ற காய்களை உதிர்ப்பது. ஊசி ஊசியாய் நாம் காண்பவை அதன் இலைகளே அல்ல. அவை பச்சை நிறமான மெல்லிய கிளைகள். மெய்யான இலைகள் கண்ணுக்கு எளிதில் தென்படாத செதில்களாய் ஒவ்வொரு கணுவையும் சுற்றி நிற்கின்றன. உப்புக் காற்றையும் வெறும் மணலையும் தாங்கிக்கொண்டு வளர்கிற மரம் இது. அதன் வேர்களில் வாசம்பண்ணும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து மரத்திற்கு உரமாக்கித் தருவதால், ஒன்றும் முளைக்காத மணலிலும் அது தழைக்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையில் கார்வார் பகுதியில் 1868-இல் விறகுக்காக இதை நட்டார்கள். நம் ஊரில் வீடு கட்டச் சாரமாகவும், கன்வென்ஷன் பந்தலுக்குக் காலாகவும் நிற்கிற கம்பும் இதுதான்.

கேளவேயில் நாங்கள் கண்ட ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். நம்மைப்போலவே மும்பையிலிருந்து வந்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று மரத்தடியில் பாய் விரித்திருந்தது. தோல் பட்டறையில் உழைத்து ஓய்ந்த கைகளையுடைய முதியவர் ஒருவர், கீழே கிடந்த சவுக்கு ஊசி ஒன்றை எடுத்து, கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடியும் பொருத்தி, "எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன், கண்டுபிடி பார்க்கலாம்" என்று பேத்தியிடம் நீட்டினார். அந்தச் சிறுமிக்குத் தமிழைவிட இந்தி சரளமாக வருகிறது. தாத்தா ஊர்க்கதைகளைத் தொடங்கினால் வீட்டில் டிவியின் சத்தத்தை உயர்த்திவிடும் வயது அவளுக்கு. அன்றோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருவரும் மாறி மாறி ஊசிகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாசரேத்திலும் உடன்குடியிலும் பிறந்தவர்கள் பிள்ளைப் பிராயத்தில் விளையாடிய விளையாட்டல்லவா அது! அறுபது வருடங்களுக்கு முன் விட்டுவந்த ஊரைப் பேத்திக்குக் காண்பிக்க அவருக்கு அன்று கிடைத்த ஒரே சாமான் அந்த ஊசிதான்.

நமது பிள்ளைகளுக்கு விளையாட இடமே இல்லையா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. மாட்டுங்காவினருக்கு ஃபைவ் கார்டன்ஸ் உண்டு. செம்பூரில் டைமண்ட் கார்டன் உண்டு. தாராவிக்கு மிக அருகில், மித்தி நதியோரத்தில், ஒரு காலத்தில் மாநகரத்தின் குப்பைமேடாயிருந்த நிலத்தின்மேல் மரங்களை நட்டு 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. பக்கத்திலேயே குடியிருந்தும் அதற்குள் ஒருமுறையும் காலடி வைக்காத குடும்பங்கள் அநேகம் என்பது நமக்கு விசனமே. ரயில் பிரயாணத்திற்குப் பெலனில்லாத முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் முதலாவது அங்கே போய் வரலாம். ஆனாலும் கண்ணுக்கு எட்டும் மட்டும் எதிரே சுவர் இல்லாத ஓரிடத்தில் ஒரு நாள் நிற்பது வேறு காரியம். மாடிப்படியையும் சந்தையும் மட்டுமே கண்டு வளர்கிற பிள்ளை, தடையில்லாமல் நூறு அடி ஓடலாம் என்று அறிந்துகொள்ளும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

அமைதியின் மறுபக்கம்

இத்தனை சொன்ன நாம் இனிச் சொல்லப்போவதை ஜாக்கிரதையாய் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கூட்டமில்லாத கடற்கரை என்றால், தண்ணீரில் தத்தளிப்பவரைக் காண்பதற்கும் ஆட்கள் குறைவு என்றே பொருள். 2022-ஆம் வருடம் மார்ச் மாதத்தில் இதே கேளவே கரையில் நான்கு இளம் உயிர்கள் போயின. நாசிக்கிலிருந்து கூட்டமாக உல்லாசப் பிரயாணம் வந்திருந்த மாணவர்களில் சிலர், உள்ளூர்ப் பிள்ளைகள் தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டு காப்பாற்ற இறங்கினார்கள். மாணவர்களில் மூவரும் உள்ளூர்ச் சிறுவன் ஒருவனும் கரைக்குத் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் துணிகரத்தினால் மரிக்கவில்லை, இரக்கத்தினால் மரித்தார்கள். இரக்கம் நல்லது. ஆனால் கடலில் வெறுங்கையோடு இறங்கும் இரக்கம் ஒரு சாவை நான்காக்கிவிடுகிறது.

ஆகவே கூடையில் புளியோதரைக்கு இடம் வைப்பதற்கு முன் இதற்கு இடம் வையுங்கள்: ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் காலியாக்கி, மூடியை இறுக்கி, அதன் கைப்பிடியில் இருபது மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். எவராகிலும் தத்தளித்தால் கரையில் நின்றபடி அதை வீச வேண்டும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் ஒரு மனிதனின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். கேன் இல்லாவிட்டால் கொம்பு, புடவை, துப்பட்டா எதையாவது நீட்டலாம். நீந்தத் தெரியாதவர் இறங்கலாகாது. தெரிந்தவரும் வெறுங்கையோடு இறங்கலாகாது.

தண்ணீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கையை வீசிக் கூப்பிடுவார் என்று நினைக்கிறோம். மெய்யில் அப்படி நடப்பது அரிது. மூச்சுக்குத் தவிக்கும் வாய்க்குக் கூப்பிட அவகாசம் கிடைப்பதில்லை. பிள்ளை சத்தமில்லாமலே, தாயின் பத்தடி தூரத்திலேயே, மூழ்கிவிடும். எனவே பெரியவர்களில் ஒருவர் முறைவைத்து, கையில் மொபைல் இல்லாமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அரைமணிக்கு ஒருவராய் மாறிக்கொள்ளலாம். "எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்று சொல்லப்பட்ட இடங்களில்தான் ஒருவரும் பார்க்காமல் போனதுண்டு.

மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் நம் ஜனங்களிடையே இன்னும் ஒழியாத பழக்கங்கள். இரண்டும் தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊத வேண்டும். நடுமார்பை வேகமாய், அழுத்தமாய் அமுக்கிக்கொடுக்க வேண்டும். உதவி வருமட்டும் விடலாகாது. மகாராஷ்டிரத்தில் ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்திற்கும் 112. எழுந்து உட்கார்ந்து பேசுகிறாரே என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாமல் மருத்துவமனையில் காட்டுங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் தடுக்கக்கூடும்.

எந்த நாளில் போவது என்பதையும் கடலே தீர்மானிக்கட்டும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி என்று குறித்திருக்கும். நமக்கு நல்ல நாள் பார்க்கும் வழக்கம் இல்லை. எனினும் நிலவு கடலை இழுக்கிறது என்பதை எவர் மறுக்க முடியும்? மும்பைக் கரையோரத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் கடலேற்றம் நண்பகலையொட்டி வரும். மாலை ஆறு, ஏழு மணிக்கு வற்றம். ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாயிருக்கும் நாட்கள் இவையே. மழைக்காலத்தில் ஏற்றத்தின் உயரம் ஐந்து மீட்டரை எட்டுவதும் உண்டு. அதன்பின் நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போய், நிலவு பாதியாகத் தெரியும் நாட்களில் ஏற்றம் காலை ஆறும் மாலை ஆறுமாக, வற்றம் நண்பகலாக மாறிவிடும். அப்போது நீர் ஏறி இறங்கும் அளவும் குறைவு. குடும்பமாய்ப் போகிறவர்கள் இந்தப் பாதிநிலவு நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேளவேயின் கரை தட்டையானபடியால் வற்றத்தில் நீர் வெகுதூரம் பின்வாங்கும். பிள்ளைகள் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். பிற்பகலில் அதே நீர் திரும்பும்போது முதலில் முன்னே வருவதில்லை. மணலிலுள்ள பள்ளங்களை நிரப்பிக்கொண்டு நமக்குப் பின்னால் வந்துவிடுகிறது. முழங்கால் ஆழத்துக்கு அப்பால் ஒருவரையும் விடாதிருங்கள். புடவையும் சல்வாரும் நனைந்தால் ஈயம்போல் கனக்கும் என்பதைச் சகோதரிகள் மறக்கலாகாது. கடலுக்குள் தெரிகிற சிறு கோட்டையைப் பார்க்கப் பையன்கள் ஆசைப்படுவார்கள். போர்த்துகீசியர் காலத்துக் கோட்டை அது. 1739-இல் மராட்டியர் வசையையும் இப்பகுதியையும் கைப்பற்றியபோது அவர்கள் ஆளுகை இங்கே முடிந்தது. நன்றாய் வற்றியிருக்கும்போது, உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டே அங்கே போக வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கப் போகத் தடை உண்டு. கடலிலே பிறந்து வளர்ந்த கோளி மக்கள் படகைக் கரையேற்றி வைத்திருக்கும் காலத்தில் நமக்கு அங்கே என்ன வேலை? ஹோலிப் பண்டிகை நாட்களையும் டிசம்பர் 31-ஐயும் தவிர்த்துவிடுங்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு அவை ஏற்றவையல்ல. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் இதமாயிருக்கும். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டுப் போக நம்மவர்கள் விரும்பமாட்டார்கள். குடியரசு தினம் ஏற்ற நாள். சனிக்கிழமை விடுப்பு உள்ளவர்களுக்கு அது இன்னும் நல்லது.

நிழலின் கிரயம்

கேளவேயில் தோப்பின் முன்வரிசை மரங்களைக் கவனியுங்கள். சிலவற்றின் வேர்கள் மணல் அரிக்கப்பட்டு வெளியே தொங்குகின்றன; சில மரங்கள் கடலை நோக்கிச் சாய்ந்துவிட்டன. அவற்றின் அடியில் பாய் விரிக்க வேண்டாம். தெற்கே அலிபாக் பக்கத்தில் நாகாவ், ஆக்ஷி ஊர்களிலும் இதுபோன்ற அழகிய சவுக்குத் தோப்புகள் உண்டு. 2020 ஜூன் 3-ஆம் தேதி நிசர்கா புயல் ராய்காட் கரையைத் தாக்கியபோது அந்தப் பகுதியில் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்படியிருந்தும் அரசாங்கங்கள் கரையோரமெங்கும் இம்மரத்தையே நடுவதன் காரணத்தைத் தமிழ்நாட்டார் நாம் அறிவோம்.

வேதாரண்யத்திற்கு அருகே நாலுவேதபதி என்னும் கிராமத்து ஜனங்கள் 2002-ஆம் வருடம் டிசம்பரில் ஒரே நாளில் எண்பதாயிரத்திற்கும் மேலான மரக்கன்றுகளை நட்டார்கள். கின்னஸ் சாதனைக்காகச் செய்த வேலைதான். பேர் வாங்குவதற்காக இத்தனை பாடா என்று அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டே வருடத்தில், 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வந்தது. கரைக்கும் ஊருக்கும் நடுவே வளர்ந்து நின்ற சவுக்கு அலையின் மூர்க்கத்தைத் தணித்தது. மறுவருடம் 'சயின்ஸ்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழ் கடலூர் மாவட்டக் கரையைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. அலையாத்தியும் சவுக்கும் அடர்ந்திருந்த இடங்களின் பின்னே சேதம் குறைவாயிருந்ததாக அது தெரிவித்தது. மரம் எல்லா அலைகளையும் நிறுத்திவிடும் என்று சொல்வதற்கில்லை. மணற்பரப்பில் நெருக்கமாகச் சவுக்கை நட்டால் கடலாமை முட்டையிட இடமின்றிப் போகிறது என்று உயிரியல் அறிஞர்கள் குறை சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் உச்சிவெயிலில் அதன் நிழலில் படுத்திருக்கும்போது குறை சொல்ல மனம் வரமாட்டேன் என்கிறது. ஊசிகளுக்குள் காற்று நுழைந்து எழுப்பும் இரைச்சல், கடலின் இரைச்சலோடு கலந்து, எது மரம் எது அலை என்று பிரித்தறிய இயலாதபடி ஒலிக்கும்.

உதிர்ந்த ஊசிகள் மெத்தைபோல் கிடக்கும். அவை எளிதில் தீப்பற்றுபவை. ஆகையால் தோப்புக்குள் ஸ்டவ் பற்றவைக்க வேண்டாம். இதை இன்னொரு காரணத்திற்காகவும் சொல்கிறோம். குடும்பச் சுற்றுலா என்றால் நம் வீடுகளில் தாயார் விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து, எலுமிச்சைச் சாதமும் முட்டையும் உருளைக்கிழங்கும் ஆயத்தப்படுத்தி, அங்கே போய்ப் பரிமாறி, பாத்திரம் கழுவி, இரவு வந்து அத்தனை பேரின் மணல் துணிகளையும் துவைக்கிறாள். கடல் அவளுக்குச் சமையலறையின் இன்னொரு மூலையாகிவிடுகிறது. கேளவேயில் வீட்டுச் சாப்பாடு போடும் சிறிய கானாவள்கள் இருக்கின்றன. பருப்பு, சோறு, பொரித்த மீன் கிடைக்கும். போனவுடனே சொல்லிவைத்தால் ஆயத்தமாகிவிடும். அத்தனை செலவு முடியாதென்றால் ரொட்டியும் வாழைப்பழமும் ஒரு வேளைக்குப் போதாதா? சகோதரர்களே, அன்றைக்குப் பிள்ளைகளைக் காவல் காக்கும் முதல் முறையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி மரத்தில் சாய்ந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கல்யாணமாகி மும்பைக்கு வந்த நாள் முதல் அப்படி உட்கார்ந்ததில்லை என்று சொல்லக்கூடிய சகோதரிகள் நம் சபைகளில் எத்தனைபேர் என்று நமக்கே தெரியும்.

போகும் வழி: தாராவியினர் மாஹிமிலும், மாட்டுங்கா, செம்பூர்க்காரர் தாதர் வந்தும் மேற்குப் பாதையில் ஏறலாம். புறநகர் வண்டிகள் 2013 முதல் டஹாணு ரோடு வரை ஓடுகின்றன. சில வண்டிகள் சர்ச்கேட்டிலிருந்தே புறப்படுகின்றன. மற்றபடி விராரில் இறங்கி மாற வேண்டும். விராருக்கு வடக்கே வண்டிகள் நம் தாதர்போல் மூன்று நிமிடத்திற்கு ஒன்று வருவதில்லை. இடைவெளி ஒரு மணியையும் தாண்டும். எனவே கேளவே ரோட்டில் இறங்கியவுடனே திரும்பும் வண்டிகளின் நேரத்தைப் பலகையில் பார்த்து எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆட்டோவைத் தேடுங்கள். கடற்கரையில் ஷீதளாதேவி கோயில்தான் ஆட்டோக்காரருக்கு அடையாளம். அங்கே இறங்கி வலமோ இடமோ கொஞ்சம் நடந்தால் கூட்டம் குறைந்துவிடும். கோயில் விசேஷ நாட்களில் மட்டும் நெரிசல் உண்டு. பக்கத்தில் இன்னொரு மாஹிம் இருக்கிறது. நம் மாஹிமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போனது. வீட்டில் பாட்டி இருந்தால் கேட்காமலே ஒரு கட்டு வாங்குவார்கள், தடுத்துப் பயனில்லை.

குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மாற்றுத் துணி, துண்டு, வெட்டுக்காய மருந்து, வாந்திக்கு ஒரு பை. பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் தகப்பனின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். நாலரை மணிக்கெல்லாம் தண்ணீரைவிட்டு எல்லாரையும் எழுப்பி, தலைகளை எண்ணி, தோப்புக்குள் கொண்டுவந்து மணலைத் தட்டிவிடுங்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவோம் என்று பிள்ளைகள் அழுதால், மரத்தடியிலிருந்தே பார்க்கட்டும். விராரில் வண்டி மாறும்போது சிறியவர்களைக் கையிலே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையத்தின் மாலை நேரத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.